சீரியல் ட்ரைலர் எடுத்தோம், எல்லாரும் குறும்படம் என்கிறார்கள்

பொருநைக்கரை:

நான் நெல்லையில் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டருக்குக் கற்பனையாக ஒரு மெகா தொடரை யோசித்து, அதற்கு 60 விநாடி ட்ரைலர் எடுக்க வேண்டும். சீரியல் வழக்கங்களில் எதைப் பின்பற்றினோம், எதை மீறினோம் என்று அறிக்கையும் எழுத வேண்டும்.

எங்கள் கதை இது. தச்சநல்லூரில் ஒரு வீடு. மகன் கடன் வாங்கிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டான். மாமியாரும் மருமகளும் இட்லி மாவு அரைத்து விற்றுக் கடனை அடைக்கிறார்கள். இருவருக்கும் சண்டையே கிடையாது. மாமியாராக என் சொந்த அத்தை நடித்தார். பட்டுச்சேலை, வில்லி, இடிச் சத்தம் எதுவும் வைக்கவில்லை. பின்னணி இசைகூட இல்லை. 40 விநாடிக்கு ஒரே ஷாட்: கிரைண்டர் ஓடுகிறது, இருவரும் பேசாமல் மாவு வழித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஷாட்டை எடுக்க விடிகாலை நாலு மணிக்கு எழுந்தோம்.

வகுப்பில் போட்டதும் "நல்ல குறும்படம்" என்றார்கள். கைடு மேடம், "எந்த வழக்கத்தை மீறுகிறாய் என்று பார்ப்பவருக்குத் தெரியவே இல்லையே" என்றார். ஆறு நாள் இருக்கிறது. ஒரு நாள் திரும்ப ஷூட் பண்ணலாம். எதைத் திருப்பிக் கொண்டுவரட்டும்? எதை விடாமல் வைத்துக்கொள்ளட்டும்? எங்கள் ஆச்சி தினமும் சாயங்காலம் சீரியல் முன்னால் உட்காருபவர். அவருக்கு இது பிடிக்க வேண்டும் என்பதுதான் எனக்கு மார்க்கைவிடப் பெரிது.

வெட்டுமேசை:

தங்கச்சி, நான் ஒரு சேனலில் ஒன்பது வருடம் ப்ரோமோ வெட்டியவன். முதலில் திரையை அணைத்துவிட்டு உன் ட்ரைலரைக் காதால் மட்டும் கேட்டுப் பார். கிரைண்டர் சத்தத்தைத் தவிர ஒன்றும் இருக்காது. சீரியல் பார்க்கிறவர்களில் பலர் அடுப்படியில் தாளித்துக்கொண்டே காதை ஹாலில் வைத்திருப்பவர்கள். ஆளுக்கு ஒரு இசை, வாக்கியத்துக்கு ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுவது எல்லாம் அவர்களுக்காகத்தான். இந்த வடிவமே 1930களில் அமெரிக்க வானொலியில் வளர்ந்தது. சோப்பு கம்பெனிகள் விளம்பரம் கொடுத்ததால் இந்தத் தொடர்களுக்கு ஆங்கிலத்தில் ‘சோப்’ என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. காதுக்காகப் பிறந்த கதையில் நீ காதை மூடிவிட்டாய்.

மீற வேண்டுமென்றால் முதலில் ஆளை எதிர்பார்க்க வை. நானாக இருந்தால் இப்படி வெட்டுவேன். வாசலில் கோலம், உள்ளே விளக்கு. மருமகள் காபியோடு வருகிறாள், டம்ளர் கை தவறி விழுகிறது. மாமியார் திரும்புகிறார். இங்கே கூச்சமே படாமல் வில்லி இசையைப் போடு. மூன்று ரியாக்ஷன் ஷாட், கடைசியில் அத்தை முகத்துக்கு ஜூம். அறை விழப்போகிறது என்று எல்லாரும் காத்திருக்கும்போது இசையைச் சட்டென்று அறுத்துவிடு. வாசலில் கடன் கொடுத்தவர் நிற்கிறார். அவரைப் பார்த்துதான் அந்தப் பெண் கை நடுங்கியிருக்கிறாள். அத்தை, "நீ உள்ள போ. நான் பேசிக்கிடுதேன்" என்கிறார்.

அதற்கப்புறம் உன் கிரைண்டர் ஷாட், எட்டு விநாடி. அதற்கு மேல் வேண்டாம். இசை அவ்வளவு ஓங்கிக் கேட்ட பிறகு வருகிற மௌனத்துக்கு எட்டு விநாடியே ஒரு யுகம். கடைசி ஐந்து விநாடியில் தொடரின் பெயர், நாள், நேரம், கூடவே வாய்ஸ் ஓவர். இதில் மட்டும் கை வைக்காதே.

மாடிவீட்டம்மா:

நான் 1999-ல் ‘சித்தி’ வந்த காலத்திலிருந்து பார்க்கிறவள். தம்பி சொன்ன டம்ளர் காட்சி நன்றாக இருக்கிறது. ஆனால் சண்டையே இல்லாத மாமியார் மருமகளை நான் நம்ப மாட்டேன் கண்ணு. கடனை வைத்துவிட்டுப் போனவன் அந்த அம்மா பெற்ற பிள்ளை. மருமகள் மனசில் அது குத்தாமல் இருக்குமா? "உங்க புள்ள" என்று ஒரு தடவை அவள் சொல்லட்டும், அத்தை முகம் மாறட்டும். சேர்ந்து உழைப்பதும் உண்மை, அந்த முள்ளும் உண்மை.

இன்னொன்று. கடனை அடைக்கிறார்கள் என்றால் கதை அங்கேயே முடிந்துபோனதே! நாளைக்கு எதற்காக டிவியைப் போடுவேன்? போனவன் எங்கே, கடன் எதற்கு வாங்கினான், மருமகள் மாடியில் நின்று யாருக்குப் போன் பண்ணுகிறாள் என்று நாலு முடிச்சைப் போட்டுவிட்டு ஒன்றையும் அவிழ்க்காமல் விடுங்கள். உடை மட்டும் மாற்ற வேண்டாம். மாவு ஒட்டின நைட்டி, மேலே ஒரு துண்டு. அதைப் பார்த்ததும் என் வீடு மாதிரி இருந்தது.

தேம்ஸ்வாசி:

லண்டனில் ஊடகப் பாடம் நடத்துகிறேன். இங்கேயும் மாணவர்கள் சோப் ட்ரைலர் எடுப்பார்கள், இதே கேள்வியோடு வருவார்கள். அறிக்கைக்கு ஒரு விஷயம். ‘பட்டுச்சேலை இல்லை, உழைக்கிற பெண்கள், சாதாரண வீடு’ என்பதை மீறல் என்று எழுதப்போகிறீர்கள். 1960-ல் தொடங்கிய ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’, 1985-ல் வந்த ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ என்ற பிரிட்டிஷ் டிவி தொடர்களுக்கு அதுதான் வழக்கமே: ஒரு தெரு, ஒரு மதுக்கடை, அன்றாட உடையில் உழைக்கும் மக்கள். நம் நாட்டிலும் 1984-ல் தூர்தர்ஷனில் வந்த ‘ஹம் லோக்’ கஷ்டப்படும் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கதைதான். அதனால் ‘சீரியல் வழக்கம்’ என்று பொதுவாக எழுதாமல், இன்றைய தமிழ் மெகா தொடரின் வழக்கம் என்று குறித்து எழுதுங்கள். ஒவ்வொரு மீறலுக்கும் எத்தனையாவது விநாடி, எந்த ஷாட் என்று காட்டுங்கள்.

பொருநைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. நேற்று திரும்ப எடுத்தோம். டம்ளர் பதினோரு தடவை விழுந்தது. பித்தளை டம்ளர் உருளும் சத்தம் நன்றாக வந்ததால் வில்லி இசையை அதன் மேலேயே ஏற்றிவிட்டேன். "உங்க புள்ள" என்ற வசனத்தைச் சொன்னதும் அத்தை ஒத்திகையில் செய்யாத ஒன்றைச் செய்தார்: முகத்தைத் திருப்பிக்கொண்டு ஈரத் துணியால் கிரைண்டரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அதைத்தான் வைத்திருக்கிறேன். கிரைண்டர் ஷாட்டை எட்டாகக் குறைக்க மனம் வரவில்லை அண்ணா, பத்து விநாடி விட்டிருக்கிறேன். அதை மேடமிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இன்று காலை ஆச்சிக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அந்தப் பய எங்கடீ போனான்?" என்று கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன். நம்பவில்லை. மதியம் சாப்பிடும்போதும் கேட்டார்.