சென்னையில் இரவு ரசம் சாதம் எங்கே கிடைக்கும்?

எல்லோருக்கும் வணக்கம், ஒரு உதவி வேண்டும். அடுத்த வாரம் ஊரிலிருந்து அப்பா வருகிறார், பத்து நாள் இருப்பார், நான் இருப்பதோ ராயப்பேட்டையில் அடுப்பில்லாத ஒரு அறையில். அவருக்கு இரவில் சூடாகக் கொஞ்சம் குழைந்த சாதம், மிளகு ரசம், சுட்ட அப்பளம், அவ்வளவு போதும். ஆனால் இந்த ஊரில் மதியம் மூன்று மணிக்கு மேல் பல இடங்களில் சாப்பாடு முடிந்து டிபன்தான்.

திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் இட்லி மூழ்க மூழ்க சாம்பார் ஊற்றுவார்கள், எனக்கு உயிர், அப்பாவுக்கு ஒரு வேளைக்கு மேல் ஆகாது. மயிலாப்பூர் ராயர் மெஸ் காலையில் சரி. போன வாரம் 'வீட்டுச் சாப்பாடு' என்று பலகை போட்ட ஒரு கடையில் ரசம் கேட்டேன், வந்தது புளித்தண்ணீர், அதற்கு 180 ரூபாய் (ரசப்பொடியைக் கண்ணில் காட்டினார்களா என்றே தெரியவில்லை).

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி பக்கம் இரவு எட்டரைக்கு மேலும் சாதம் போடும் மெஸ் தெரிந்தால் சொல்லுங்கள். மாடி ஏறவேண்டுமா, டோக்கனுக்கு நிற்கவேண்டுமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அவருக்கு முழங்கால் வலி. அப்புறம், மாமிகள் யாராவது வீட்டிலிருந்து கேரியர் அனுப்பினாலும் சரிதான்.