ஜோசஃபின் பேக்கர்: ஊரை விட்டுப் போனவங்க அங்க நடக்கற அநியாயத்தைப் பத்தி பேசலாமா?

வாசல்கோலம்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா ஒரு விஷயம் மனசுல ஓடிட்டே இருக்கு, இங்க விவரம் தெரிஞ்சவங்க இருப்பீங்கன்னு கேக்கறேன். அமெரிக்கக் கருப்பினத்தவங்க சம உரிமைக்காக நடந்த 1963 வாஷிங்டன் பேரணி போட்டோ ஒண்ணு பாத்தேன், மார்ட்டின் லூதர் கிங் பேசின அதே மேடை, அங்க ராணுவ யூனிஃபார்ம் போட்டு நெஞ்சுல வரிசையா மெடல் குத்தி, பெரிய கண்ணாடி போட்ட ஒரு கருப்பினப் பெண்மணி நிக்கறாங்க. யாருன்னு தேடினா ஜோசஃபின் பேக்கர்னு வருது. அந்தப் பேர் எனக்கு ஏற்கெனவே தெரியும், ஆனா எனக்குத் தெரிஞ்ச ஜோசஃபின் பேக்கர் இடுப்புல வாழைப்பழத்தைக் கோத்துக் கட்டிக்கிட்டு பாரிஸ்ல ஆடினவங்க. ரெண்டும் ஒரே ஆளுன்னு நம்பவே கொஞ்ச நேரம் ஆச்சு.

இதைப் பத்தி வீட்ல பேசினப்ப என் தம்பி ஒரே போடா போட்டான். "19 வயசுல ஊரை விட்டு ஓடிப்போனாங்க, பிரான்ஸ்ல சொகுசா வாழ்ந்தாங்க, இங்க இருந்து அடி வாங்கினவங்க வேற, அவங்க வேற, ஒரு நாள் வந்து பேசிட்டுப் போனா அது போராட்டமா"ன்னு கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியல, ஆனா அவன் சொன்னதை ஏத்துக்கவும் மனசு வரல. இன்னொண்ணு, அந்த வாழைப்பழ டான்ஸே வெள்ளைக்காரங்க ரசிக்கறதுக்காக கருப்பினத்தவங்களைக் காட்டுவாசி மாதிரி காட்டினதுதானே, அதை ஆடினவங்க எப்படி சமத்துவம் பேசினாங்க? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

பழையஇசைத்தட்டு:

நல்ல கேள்வி சகோதரி. இவங்க பாட்டை 25 வருஷமா கேக்கறவன் நான், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

"ஓடிப்போனாங்க"ன்னு தம்பி சொல்றாரில்ல, எதை விட்டு ஓடினாங்கன்னு முதல்ல பாக்கணும். 1906ல செயின்ட் லூயிஸ்ல பிறந்தவங்க, அம்மா துணி துவைச்சுப் பிழைச்சவங்க, இவங்களையும் எட்டு வயசுலயே வெள்ளைக்காரங்க வீட்டு வேலைக்கு அனுப்பிட்டாங்க. ஒரு வீட்ல துணிக்கு சோப்பு அதிகமா போட்டுட்டான்னு எஜமானியம்மா அந்தக் குழந்தையோட கையை சூடு வச்சுட்டாங்கன்னு பின்னாடி அவங்களே சொல்லியிருக்காங்க. 1917 ஜூலைல ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஈஸ்ட் செயின்ட் லூயிஸ்ல வெள்ளையர் கும்பல் கருப்பினத்தவங்க வீடுகளைக் கொளுத்தி, கண்ணுல பட்டவங்களைக் கொன்னாங்க, உயிர் தப்பினவங்க பாலத்து வழியா மிசிசிப்பி ஆத்தைத் தாண்டி இவங்க ஊருக்கு ஓடி வந்தாங்க. அப்ப ஜோசஃபினுக்கு 11 வயசு. சாகற வரைக்கும் இதைப் பேசிட்டே இருந்தாங்க. 13 வயசுல முதல் கல்யாணம், 15ல ரெண்டாவது, பேக்கர்ங்கற பேரு அந்த ரெண்டாவது புருஷன் மூலமா வந்தது. அப்புறம் நாடகக் குழுக்கள்ல சேந்து நியூயார்க் வந்து, 1925ல பாரிஸ் போற ஒரு குழுவோட கப்பல் ஏறிட்டாங்க. அந்த அக்டோபர்ல ஷான்ஸெலிஸே தியேட்டர்ல முதல் ஷோ, ஒரே ராத்திரில பாரிஸ் முழுக்கப் பேரு. அடுத்த வருஷம் ஃபோலி பெர்ஜேர்ங்கற பாரிஸ் அரங்கு, நீங்க சொன்ன வாழைப்பழப் பாவாடை அங்கதான்.

இனி முக்கியமான இடத்துக்கு வரேன். 1951 ஆரம்பத்துல மயாமி பீச்ல கோப்பா சிட்டின்னு ஒரு பெரிய நைட் கிளப் இவங்களை ஆடக் கூப்பிட்டாங்க, நல்ல சம்பளம். அப்ப அந்த ஊர்ல கருப்பினத்தவங்க மேடைல பாடலாம், ஆடலாம், ஆனா கீழ உக்காந்து பாக்க முடியாது, வேலை முடிஞ்சதும் பின்வாசல் வழியா போயிடணும். இவங்க என்ன பண்ணாங்கன்னா, கருப்பினத்தவங்களை உள்ள விடலைன்னா நான் மேடை ஏற மாட்டேன், அதை கான்ட்ராக்ட்லயே எழுதித் தாங்கன்னு சொல்லிட்டாங்க. கிளப்காரங்களுக்கு வேற வழியில்ல, ஒத்துக்கிட்டாங்க. அந்த கிளப்ல முதல் தடவையா ரெண்டு நிறத்தவங்களும் பக்கத்துப் பக்கத்து டேபிள்ல உக்காந்து ஷோ பாத்தாங்க. அதுக்கப்புறம் அந்த டூர்ல போற ஊர்ல எல்லாம் இதே ஷரத்து. அதனாலதான் என்.ஏ.ஏ.சி.பி.ங்கற கருப்பினத்தவர் உரிமைச் சங்கத்துக்காரங்க 1951 மே 20ஐ ஜோசஃபின் பேக்கர் நாள்னு அறிவிச்சு ஹார்லெம்ல ஊர்வலம் விட்டாங்க.

இங்க தம்பிக்கு ஒண்ணு சொல்லுங்க. அமெரிக்காவுலயே இருந்த ஒரு கருப்பினக் கலைஞர் இதே ஷரத்தைப் போட்டிருந்தா அடுத்த நாளே சோத்துக்கு வழி இருந்திருக்காது. இவங்களால "அப்ப நான் பாரிஸுக்கே போறேன்"னு சொல்ல முடிஞ்சது. வெளிய போனதாலதான் மறுக்கற பலம் வந்துச்சு, அந்தப் பலத்தை எடுத்துக்கிட்டு திரும்பி வந்து ஊருக்காகவே செலவு பண்ணாங்க.

சும்மா ஒண்ணும் செலவு பண்ணல, விலை கொடுத்தாங்க. அதே 1951 அக்டோபர்ல நியூயார்க் ஸ்டார்க் கிளப்புக்கு நண்பர்களோட சாப்பிடப் போனாங்க, ஆர்டர் எடுத்துட்டு மத்தவங்களுக்கெல்லாம் வந்துடுச்சு, இவங்களுக்கு மட்டும் வரவே இல்ல, ஒரு மணி நேரம் காத்திருந்துட்டு எழுந்து போய் சங்கத்துக்காரங்களுக்கு போன் பண்ணிட்டாங்க. அன்னிக்கு அங்க இருந்தவர் வால்டர் வின்செல், அப்ப அவர் பத்திரிகைல ஒரு வரி எழுதினா ஆளுங்க வாழ்க்கையே மாறும். பாத்துட்டு சும்மா இருந்தார்னு ஜோசஃபின் வெளிப்படையா சொன்னாங்க, அவர் பதிலுக்கு இவங்களை கம்யூனிஸ்ட்னு நாள் கணக்கா எழுதித் தள்ளிட்டார். அந்தக் காலத்துல கம்யூனிஸ்ட்னு ஒரு வார்த்தை போதும். வரிசையா ஷோ கேன்சல், எஃப்.பி.ஐ. ஃபைல், அமெரிக்காவுக்குள்ள வர விசாவே குதிரைக் கொம்பாயிடுச்சு. 1963 பேரணிக்கு வரவே அப்ப அட்டர்னி ஜெனரலா இருந்த ராபர்ட் கென்னடி உதவி பண்ணித்தான் வந்தாங்க.

நேர்பேச்சு:

மேல எழுதினவர் நல்லாதான் சொன்னார், ஆனா ஒரு பக்கம் மட்டும் சொன்னா எப்படி? 1935ல இத்தாலி சர்வாதிகாரி முசோலினி எத்தியோப்பியா மேல படையெடுத்தப்ப, அங்க இருக்கற அடிமைகளை விடுதலை பண்றார்னு நம்பி இவங்க அவரை ஆதரிச்சுப் பேசினாங்க. ஆப்பிரிக்காவுல மிச்சமிருந்த ஒரு சில சுதந்திர நாடுகள்ல ஒண்ணு, அதைப் பிடிக்க வந்தவனை ஆதரிக்கறதுன்னா சாதாரண விஷயமா? 1952ல அர்ஜென்டினா போய் அந்த நாட்டு அதிபர் பெரோனைப் புகழ்ந்தாங்க. பிரான்ஸ்ல நிறவெறியே இல்லைங்கற மாதிரி பேசுவாங்க, அதே பிரான்ஸ் அப்ப ஆப்பிரிக்காவுல பெரிய பகுதியை அடிமைப்படுத்தி வச்சிருந்தது, அல்ஜீரியாவுல என்ன நடந்ததுன்னு உலகத்துக்கே தெரியும்.

12 குழந்தைங்களைப் பல நாட்டுலருந்து தத்தெடுத்து வானவில் குடும்பம்னு பேரு வச்சாங்க. நல்ல எண்ணம்தான். ஆனா அந்தப் பிள்ளைங்க விளையாடறதை சுற்றுலா வந்தவங்க வேடிக்கை பாத்தாங்க, ஆளுக்கு ஒரு மதம்னு அம்மாவே முடிவு பண்ணி வளர்த்தாங்க. ஒரு குழந்தைக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிக்கணும். அவங்க தைரியத்தை நான் மதிக்கறேன், ஆனா கோயில் கட்டி கும்பிடற அளவுக்கு ஆக்காதீங்க.

லாசப்பல்வாசி:

நான் பாரிஸில 20 வருஷத்துக்கு மேல இருக்கிறன். நேர்பேச்சு அண்ணை சொல்லுறது பிழையில்லை. ஆனா நாட்டை விட்டு வந்த ஆக்களுக்கு ஒண்டு விளங்கும், அடிச்ச நாட்டை விட்டு வந்து, கதவு திறந்த நாட்டில நிக்கேக்க, அந்த நாட்டின்ர குறையைச் சொல்ல வாய் வராது. எங்கட ஆக்களும் இஞ்ச முதல் பத்து வருஷம் அப்பிடித்தான் இருந்தவை. நான் சரி எண்டு சொல்லேல்லை, அந்த மனநிலை எனக்குத் தெரியும் எண்டுதான் சொல்லுறன்.

அந்த யூனிஃபார்மைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை, அதைச் சொல்லாமல் கதை முழுமையாகாது அக்கா. அது மேடைக்குப் போட்ட உடுப்பில்லை. 1937இல ஒரு பிரெஞ்சுக்காரரைக் கலியாணம் கட்டி இந்த நாட்டுப் பிரஜை ஆனவ. 1939இல யுத்தம் துவங்க, ஜாக் அப்தே எண்ட பிரெஞ்சு உளவு அதிகாரி வந்து உதவி கேட்டார், உடனேயே ஓம் எண்டவ. பேர் பெற்ற ஆள் எண்டபடியால் தூதரக விருந்துகளில ஒருத்தரும் சந்தேகப்படமாட்டினம், அங்க காதில விழுகிறதைக் கொண்டுவந்து குடுப்பா. ஜெர்மன்காரர் பாரிஸைப் பிடிச்ச பிறகு, தன்ர பாட்டு நோட்டேசன் தாள்களில கண்ணுக்குத் தெரியாத மையால ரகசியங்களை எழுதி, 1940 கடைசியில லிஸ்பனுக்குக் கொண்டு போனவ. எல்லையில நிண்டவங்கள் பெட்டியைச் சோதிக்கிறதை விட்டிட்டு ஓட்டோகிராஃப் கேட்டவங்களாம். பிறகு மொரோக்கோவில கடும் வருத்தம் வந்து மாசக்கணக்காக ஆஸ்பத்திரியில கிடந்தவ, செத்துப்போனா எண்டு அமெரிக்கப் பத்திரிகையில செய்தியே வந்தது. எழும்பி வந்து வட ஆபிரிக்கா முழுக்கப் படையினருக்குக் காசு வாங்காமல் பாடினவ. விமானப்படையின்ர பெண்கள் பிரிவில அதிகாரி, எதிர்ப்பு இயக்க மெடல், குருவா டு கேர் எண்ட யுத்த வீரப் பதக்கம், பிறகு லெஜியன் ஒஃப் ஹானர் எண்ட பிரான்சின்ர உயர்ந்த விருது. 1963இல நெஞ்சில குத்தியிருந்தது இதுகளைத்தான்.

2021 நவம்பர் 30, பிரான்சின்ர பெரிய ஆக்களுக்கு இடம் குடுக்கிற பாந்தியோன் நினைவிடத்தில அவவை வைச்ச அண்டைக்கு நானும் போனனான். குளிரெண்டால் அப்பிடி ஒரு குளிர். சுஃப்லோ தெருவில சிவப்புக் கம்பளம் விரிச்சு, விமானப்படைப் பெடியங்கள் பெட்டியைத் தோளில தூக்கிக்கொண்டு மெதுவா ஏறினவங்கள். உள்ளுக்கு உடம்பு இல்லை, அது அவவைப் புதைச்ச மொனாக்கோவிலயே இருக்கட்டும் எண்டு குடும்பம் சொல்லிப்போட்டுது. பெட்டிக்குள்ள நாலு இடத்து மண், செயின்ட் லூயிஸ், பாரிஸ், அவ வாழ்ந்த லே மிலாண்ட், பிறகு மொனாக்கோ. பாந்தியோனில இடம் கிடைச்ச முதல் கருப்பினப் பெண் அவதான். எனக்குப் பக்கத்தில நிண்ட ஒரு ஆபிரிக்க அம்மா அழுதுகொண்டு நிண்டவ. பிறந்த ஊர் மண்ணையும் சேர்த்து வைச்சவை எண்டு கேட்டவுடனை எனக்கும் தொண்டை அடைச்சுது. இப்ப மெட்ரோவில கெய்தே ஸ்டேஷனுக்கும் அவவின்ர பேரைச் சேர்த்திட்டினம்.

பழையஇசைத்தட்டு:

நன்றி லாசப்பல், நேர்ல பாத்தவர் சொல்லிக் கேக்கறதே தனி.

நேர்பேச்சு சார், முசோலினி விஷயம் உண்மை, நான் அதை மறைக்க நினைக்கல, அது பெரிய தப்பு, எனக்கும் அதைப் படிச்சப்ப கஷ்டமாத்தான் இருந்தது. பிள்ளைங்க விஷயத்துலயும் நீங்க சொல்றது சரி. ஆனா அந்தப் பிள்ளைங்களுக்காகவும் அந்த லே மிலாண்ட் மாளிகைக்காகவும் இருந்ததையெல்லாம் செலவழிச்சு கடன்ல மூழ்கி, 1969ல வீட்டை விட்டு வெளியேத்தினப்ப எடுத்த ஒரு போட்டோ இருக்கு. 62 வயசு, தலைல ஒரு தொப்பி, காலுக்கு மேல ஒரு போர்வை, சமையலறை வாசப்படில உக்காந்திருக்காங்க. அதைப் பாத்தா விளம்பரத்துக்காகப் பிள்ளை வளர்த்தாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராது. கடைசில மொனாக்கோ இளவரசி கிரேஸ்தான் குடியிருக்க இடம் பாத்துக் குடுத்தாங்க.

வாழைப்பழ டான்ஸ் பத்தி சகோதரி கேட்டதுக்கு. ஆமா, அது வெள்ளைக்காரங்க கற்பனை பண்ணி வச்சிருந்த ஆப்பிரிக்காதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்தப் பழைய ஃபிலிமைப் பாருங்க, கண்ணை ஒண்ணரையா வச்சுக்கிட்டு, கன்னத்தை உப்பிக்கிட்டு, அவங்க கற்பனையையே கேலி பண்ணிக்கிட்டு ஆடுவாங்க. கோரஸ் வரிசைல கடைசி ஆளா நின்ன காலத்துலயே இந்தக் கோமாளித்தனம்தான் அவங்களைத் தனியா காட்டுச்சு. அதுல சம்பாதிச்ச பேரை வச்சுதான் மயாமில அந்த ஷரத்தைப் போட்டாங்க.

கடைசியா ஒண்ணு. அந்த 1963 ஆகஸ்ட் 28 பேச்சை தம்பியைக் கேக்கச் சொல்லுங்க. "ஓடிப்போனாங்க"ன்னு அவர் சொன்னதை அந்த மேடையில ரெண்டரை லட்சம் பேர் முன்னாடி அவங்களே சொல்லியிருக்காங்க. சின்ன வயசுல வீட்டைக் கொளுத்தினாங்க, பயந்து ஓடினேன், ரொம்ப தூரம் ஓடினேன், அந்த இடத்துக்குப் பேரு பிரான்ஸ்னு சொல்றாங்க. ராஜாக்கள் அரண்மனைக்குள்ள போயிருக்கேன், ஆனா அமெரிக்காவுல ஒரு ஹோட்டலுக்குள்ள போய் ஒரு கப் காபி குடிக்க முடியலைங்கறாங்க. எதிர்ல இருந்த இளைஞர்களைப் பாத்து, நீங்க என்னை மாதிரி ஓட வேண்டாம், படிங்க, துப்பாக்கியால இல்ல, பேனாவால உங்களைக் காப்பாத்திக்கங்கன்னு சொல்றாங்க. ஒரு நாள் வந்து பேசிட்டுப் போனதும் இல்ல, அதே அக்டோபர்ல திரும்பி வந்து நியூயார்க் கார்னகி ஹால்ல இயக்கங்களுக்கு நிதி சேக்கப் பாடினாங்க.

வாசல்கோலம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி அந்தப் பேச்சை நானும் தம்பியும் சேந்தே கேட்டோம். "ஓடினேன்"னு அவங்க சொல்ற இடத்துல அவன் நிறுத்தச் சொல்லி இன்னொரு தடவை போடச் சொன்னான், அதுக்கப்புறம் எதுவும் பேசல. நேர்பேச்சு சார் சொன்ன எத்தியோப்பியா விஷயத்தையும் அவன்கிட்ட சொன்னேன், அதையும் தெரிஞ்சுக்கணும்ல. இன்னிக்குக் காலைல எழுந்ததும் அடுத்த கேள்வி. கிங் செத்தப்புறம் இயக்கத்தை நடத்த இவங்களைக் கூப்பிட்டாங்கன்னும் இவங்க மறுத்துட்டாங்கன்னும் எங்கயோ படிச்சானாம், உண்மையா?

பழையஇசைத்தட்டு:

ஆமா, 1968ல கிங்கோட மனைவி கொரெட்டா கேட்டதா சொல்வாங்க. சில நாள் யோசிச்சுட்டு, என் பிள்ளைங்க அம்மாவை இழக்கற வயசுல இல்லைன்னு சொல்லிட்டாங்களாம். கிங்கை சுட்டுக் கொன்ன நேரம் அது, அந்த இடத்துல போய் நிக்கறதுன்னா என்ன அர்த்தம்னு அவங்களுக்குத் தெரியும். மறுபடி ஓடிட்டாங்கன்னு தம்பி சொன்னா, அந்த 12 பேர்ல கடைசிக் குழந்தைக்கு அப்ப நாலு வயசுன்னு சொல்லுங்க.