மர்மோட் இறைச்சியும் பிளேக்கும்: இந்த நோய் ஏன் இன்னும் ஒழியவில்லை?

கேள்வி (கோவைவாசி):
எங்கள் ஊரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் உண்டு என்றாலும், அந்த நோயைப் பாட்டன் காலத்தோடு முடிந்துபோன ஒன்றாகவே எண்ணியிருந்தேன். ஆனால் 2019 மே மாதத் தொடக்கத்தில், மங்கோலியாவின் மேற்கு ஓரத்திலுள்ள பயான் உல்கீ மாகாணத்தில், மர்மோட் என்னும் வளைவாழ் மலை அணிலின் சிறுநீரகத்தைப் பச்சையாக உண்ட தம்பதியர் பிளேக்கால் இறந்தனர் என்றும், அதனால் அப்பகுதி ஆறு நாட்கள் அடைக்கப்பட்டது என்றும் படித்து அதிர்ந்துபோனேன். அப்படி உண்பது உடலுக்கு நல்லது என்பது அங்கே பலரின் நம்பிக்கையாம். நோயைச் சுமக்கும் விலங்கையே ஒழித்துவிட்டால் நோயும் தொலையாதா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (நுண்ணுயிரியல் ஆசிரியர்):
யெர்சினியா பெஸ்டிஸ் என்னும் பாக்டீரியா காட்டுக் கொறிவிலங்குகளின் இரத்தத்திலும், அவற்றின் வளைகளில் ஒண்டியிருக்கும் தெள்ளுப்பூச்சிகளிலும் மாறி மாறி வாழ்கிறது. சில வகைத் தெள்ளுப்பூச்சிகளின் முன்குடலில் அது பெருகி அடைத்துக்கொள்ளும். உறிஞ்சிய இரத்தம் உள்ளே இறங்காததால் பசி அடங்காத பூச்சி மறுபடி மறுபடி கடித்து, ஒவ்வொரு முறையும் கிருமியைக் கடிவாயில் கக்கும். மனிதரைக் கடித்தால் சில நாட்களில் கடுங்காய்ச்சல் கண்டு, அக்குளிலோ தொடை இடுக்கிலோ தொடவே முடியாத வலியோடு நெறி கட்டும். தாங்கள் சொல்லும் வழியில்தான் ஆபத்து இருக்கிறது ஐயா. விலங்கு செத்து உடல் குளிர்ந்ததும் அதன் தெள்ளுப்பூச்சிகள் வேறு சூடான உடலைத் தேடிப் புறப்பட்டுவிடும். அமெரிக்காவில் புல்வெளி நாய் எனப்படும் கொறிவிலங்கைக் கொல்லாமல், அதன் வளைகளில் பூச்சிமருந்துத் தூளைத் தூவுவது இதனால்தான்.

பதில் 2 (வரலாற்று வாசகர்):
மர்மோட் வேட்டை என்றதும், சீனாவின் வடகிழக்குப் பகுதியான மஞ்சூரியாவில் 1910-11இல் பரவிய பிளேக்தான் என் நினைவுக்கு வருகிறது. அதன் தோலுக்கு விலை ஏறியதால் வேட்டைப் பழக்கமே இல்லாதவர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். நோயுற்றுத் தளர்ந்து நடக்கும் மர்மோட்டை அனுபவசாலிகள் தொடமாட்டார்கள். புதியவர்களோ எளிதில் சிக்கியது என்று அதையே பிடித்து உரித்தார்கள். குளிருக்கு அஞ்சி நெருக்கியடித்துப் படுத்த விடுதிகளில் நோய் நுரையீரலைப் பற்றி, இருமல் வழியே பரவி, இரயில் ஏறி ஹார்பின் நகருக்கு வந்து, ஏறத்தாழ 60,000 உயிர்களைக் குடித்தது. பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியென் தே, இது மூச்சுக்காற்றில் பரவுகிறது என்று கண்டு, பஞ்சும் வலைத்துணியும் வைத்த முகக்கவசத்தை அணியச் சொன்னார். அதை ஏற்காமல் நோயாளிகளைப் பார்க்கச் சென்ற பிரெஞ்சு மருத்துவர் மெனி சில நாட்களில் இறந்துபோனார். அவ்வளவு படித்தவருக்கும் அது நேர்ந்ததே என்று இன்றும் மனம் கனக்கிறது.

பதில் 3 (மலைப்பகுதி மருத்துவர்):
நம் நாட்டிலும் 2002 பிப்ரவரியில், இமாச்சலத்தின் ஹாட்கோட்டி பகுதியில், காட்டுப்பூனையைக் கொன்று தோலுரித்த வேட்டைக்காரர் ஒருவரில் தொடங்கி மொத்தம் 16 பேருக்கு நோய் கண்டு 4 பேர் இறந்தனர். இன்று ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் நுரையீரல் பிளேக்கில் அறிகுறி தோன்றிய 24 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கியாக வேண்டும். காய்ச்சலோடு வருபவர் தாம் உரித்த விலங்கைப் பற்றித் தாமாகச் சொல்வதில்லை என்பதால், அதை நான் முதல் கேள்வியாகவே கேட்டுவிடுகிறேன்.