உச்சியைத் தாண்டியதும் ஸ்பேஸ் ஸ்டேஷன் அணைந்து போவது ஏன்?

பீன்யா_டர்னர்:
வணக்கம். பெங்களூர் டி.தாசரஹள்ளியில் இருக்கிறேன். பீன்யாவில் லேத் வேலை. மகள் போனில் செயலி ஒன்றைப் போட்டு வைத்துக்கொண்டு, "அப்பா, இன்னிக்கு ஸ்பேஸ் ஸ்டேஷன் போகுது, மாடிக்கு வா" என்றாள். ஏழு மணிக்கு மேல் வடமேற்கில், பக்கத்து அபார்ட்மெண்ட் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு வெளிச்சம் கிளம்பியது. மினுக்கவில்லை, சத்தமும் இல்லை. ட்ரோன் என்று சாதித்த வீட்டுக்காரர்கூட அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார். அதற்குள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள், சார்! நம்ம விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா 2025இல் போய்த் தங்கியது அதில்தானே.

ஆனால் உச்சியைத் தாண்டித் தென்கிழக்கே இறங்கும்போது மங்கி, அணைந்தே போய்விட்டது. மேகம் கிடையாது. அடிவானத்துக்கு இன்னும் பாதி தூரம் இருந்தது. ஏன் அப்படி?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். வேலைக்குப் போகும்போது இஸ்ரோவின் செயற்கைக்கோள் கண்காணிப்பு மையமான இஸ்ட்ராக் வழியாகத்தான் போவேன். இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் சோதனையில் விண்வெளியில் இரண்டு செயற்கைக்கோள்களை எப்படி இடிக்காமல் இணைத்தார்கள்? எங்கள் தொழிலில் ஜாப் (கடைகிற உலோகத் துண்டு) சுற்றும், வெட்டும் டூல் நகரும், ஆனால் எல்லாவற்றையும் தாங்குகிற மெஷின் பெட் அசையாது. அளவெல்லாம் அதை நம்பித்தான். அங்கே அசையாதது என்று ஒன்றுமே இல்லையே?

ஜாலஹள்ளி_வானம்:
அதற்கென்று சொந்த விளக்கு கிடையாது, நாம் பார்ப்பது அதன் மேல் படும் வெயிலை. நமக்கு இருட்டிய பிறகும் 400 கி.மீ. உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். பூமியின் நிழல் கிழக்கிலிருந்து ஏறி வரும், அதனால் மாலையில் கிழக்குப் பக்கம் போகிறபோது உள்ளே மாட்டிக்கொள்கிறது. தலைக்கு நேர் மேலே என்றால், சூரியன் மறைந்து சுமார் ஒன்றேகால் மணி நேரம் வரை வெயில் கிடைக்கும்.

நீங்கள் பார்த்தது அங்கே இருப்பவர்களின் சூரிய அஸ்தமனம். சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று, ஆக நாளுக்குப் பதினாறு தடவை அவர்களுக்கு அது உண்டு. பைனாகுலர் இருந்தால் அணைவதற்கு முன் செம்மை தட்டுகிறதா என்று பாருங்கள்.

கே_ஆர்_புரம்_ராஜி:
இரண்டாவது கேள்விக்கு நான். அண்ணா, நீங்கள் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள். ஒன்றையே மற்றதற்குப் பெட் ஆக்கிவிடுவார்கள், அவ்வளவுதான். இரண்டும் சுமார் 220 கிலோ, சேஸர் என்றும் டார்கெட் என்றும் பெயர். 2024 டிசம்பர் 30இல் பி.எஸ்.எல்.வி. சி-60இல் போனவை. பூமியை வைத்துப் பார்த்தால் இரண்டும் மணிக்கு 27,000 கி.மீ.க்கு மேல் ஓடுகின்றன. ஒன்றுக்கொன்று பார்த்தால் கிட்டத்தட்ட நிற்கின்றன. சேஸர் இடைவெளியை அளந்து அளந்து நெருங்கும், நடுவில் நிறுத்திச் சரிபார்ப்பார்கள். ஜனவரி 12இல் 3 மீட்டர் வரை கொண்டுபோய்த் திரும்பப் பின்னுக்கு இழுத்துவிட்டார்கள். எனக்கு டாக்கிங்கைவிட (இணைப்பைவிட) அந்தப் பொறுமைதான் பிடித்தது. 16ஆம் தேதி இணைந்தது. தொடும் வேகம் நொடிக்கு 10 மி.மீ. அளவில் இருக்கும்படி வடிவமைத்த அமைப்பு அது.

பீன்யா_டர்னர்:
10 மி.மீ.யா! நிமிடத்துக்கு 600. கம்ப்யூட்டரில் ஓடும் எங்கள் சிஎன்சி மெஷின் எதையும் வெட்டாமல் ரேபிடில் (வேக நகர்வில்) போகும்போதே இதைவிடப் பல மடங்கு வேகம். நாளைக்குப் பட்டறையில் 600 வைத்து நகர்த்திப் பையன்களுக்குக் காட்டப்போகிறேன்.

நிழல் விஷயம் புரிந்தது சார். அப்படியானால் விடியற்காலையில் தலைகீழாக நடக்குமா?

ஜாலஹள்ளி_வானம்:
ஆமாம். நிழல் அப்போது மேற்கில் இருக்கும். வெறும் வானத்தில் திடீரென்று பற்றிக்கொண்டு கிழக்கே இறங்கும். தினமும் கிடைக்காது, அதன் சுற்றுப்பாதையே நாளுக்கு 5 பாகை அளவில் மேற்கே திரும்பிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நாள் மாலையில் வரும், கொஞ்ச நாள் காலையில், நடுவில் ஒன்றுமே இருக்காது. மகளிடம் காலை நேரம் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரரையும் எழுப்புங்கள், அவருக்கு நட்சத்திரம் பிறந்த மாதிரி இருக்கும்.