கடைசி எபிசோடு வரை உட்காரவைத்தது எது?

பொன்மலை:

என் அம்மாவுக்கு வெப் சீரிஸ் என்றாலே ஆகாது. கெட்ட வார்த்தை, கத்திக்குத்து, இருட்டு, இதுதான் அவர் கணக்கு. ராத்திரி சீரியல் முடிந்ததும் ரிமோட் என் பெண் கைக்குப் போகும், அம்மா படுக்கப் போய்விடுவார். போன மாதம் அப்படித்தான் அவள் ஜீ5-இல் அயலி போட்டாள். எழுந்து போன அம்மா நிலைப்படியிலேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார், அப்புறம் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்.

2023-இல் வந்தது. முத்துக்குமார் இயக்கம், எட்டு எபிசோடு. 1990 வாக்கில் புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை என்று ஒரு கற்பனை ஊர். பெண் வயதுக்கு வந்த கையோடு கல்யாணம் செய்துவிட வேண்டும், தவறினால் அயலி அம்மன் ஊரையே அழித்துவிடுவாள் என்று நம்புகிற ஜனங்கள். டாக்டராக ஆசைப்படும் தமிழ்ச்செல்வி தான் வயதுக்கு வந்ததை மறைக்கிறாள். அம்மா குருவம்மாளுக்கு விஷயம் தெரிந்து, முதலில் பதறி, பிறகு அவரும் கூட்டுச் சேர்கிறார். குருவம்மாளாக வரும் அனுமோள் அந்தப் பதற்றத்தைக் காட்டுகிற அழகே தனி.

அந்த இடத்தில்தான் என் அம்மா வாயைத் திறந்தார். "எனக்கு ஏழாவது முழுப்பரீட்சை நேரத்துலதான் ஆச்சு." கொல்லைப்பக்கம் ஓலைக் குச்சு கட்டி உட்காரவைத்தார்களாம். உளுந்தங்களி, நல்லெண்ணெய், மாமன் சீர் என்று சடங்கெல்லாம் முடிந்தபோது பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தது. திறந்த பிறகும் அனுப்பவில்லை. இத்தனை வருஷமாக எங்களிடம் "எனக்குப் படிப்பு ஏறல" என்றுதான் சொல்லி வந்திருக்கிறார். என் பெண் படத்தை நிறுத்திவிட்டு, "ஏன் அம்மாச்சி, யாருமே கேக்கலையா?" என்றாள். "யாரு கேப்பா? நீ படத்தப் போடு."

கடைசிப் பகுதி எனக்கு மேடைப் பேச்சாகத்தான் பட்டது. ஆனால் அதற்கு முன்னால் சிரிக்கவைத்தே இவ்வளவு சொல்லிவிட்டதால் பொறுத்துக்கொண்டேன். என் கட்சி இதுதான்: கதை நடக்கிற ஊர் நம்பும்படி இருந்தால் மற்றதை மன்னித்துவிடலாம். நீங்களும் எழுதுங்கள். ஐந்துக்கு எத்தனை மார்க் என்பதெல்லாம் வேண்டாம். பார்த்தபோது வீட்டில் என்ன நடந்தது, எங்கே எழுந்து போகத் தோன்றியது, அதைச் சொல்லுங்கள்.

போலீஸ் லைன் பையன்:

அக்கா, நீங்கள் சொன்ன ஊர் விஷயம் போலீஸ் ஸ்டேஷனுக்கும் பொருந்தும். என் அப்பா போலீசில் எஸ்எஸ்ஐயாக (சிறப்பு எஸ்ஐ) ஓய்வு பெற்றவர். வெப் சீரிஸில் வரும் போலீசைப் பார்த்தாலே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். சுவர் நிறைய போட்டோ ஒட்டி, ஒன்றுக்கொன்று சிவப்பு நூல் இழுத்துக் கட்டி, ஹீரோ அதை முறைத்துப் பார்ப்பாரே, அதைக் கண்டால் "எங்க ஸ்டேஷன்ல பேப்பர் வாங்கவே ரைட்டர் கைக்காசு போட்டாரு, நூலுக்கு எங்க போறது?" என்பார்.

அவரையே உட்காரவைத்தது விலங்கு. 2022-இல் வந்தது, ஏழே எபிசோடு, பிரசாந்த் பாண்டிராஜ் இயக்கியது. விமல்தான் எஸ்ஐ பரிதி. வீட்டில் மனைவிக்குப் பிரசவ நேரம், இங்கே காட்டுக்குள் அடையாளம் தெரியாத ஒரு பிணம். போலீஸ் காவலில் இருக்கும்போதே அந்தப் பிணத்தின் தலை காணாமல் போய்விடுகிறது. நாங்கள் எல்லாரும் கொலைகாரன் யார் என்று யோசித்துக்கொண்டிருக்க, அப்பா கேட்ட முதல் கேள்வி: "பாரா யாரு?"

அந்த ராத்திரி அங்கே காவல் நின்றவனுக்கு என்ன ஆகும் என்பதுதான் அவர் கவலை. அதற்கப்புறம் எங்களைப் படம் பார்க்கவே விடவில்லை. பிணத்துக்குப் பாரா நிற்கும்போது நாய் நரியை விரட்டத் தீ மூட்டி வைப்பது, விஏஓ வந்து சேரும்வரை பச்சைத் தண்ணீர்கூட இறங்காதது, ஏற்றிக்கொண்டு போக வண்டிக்காரனைக் கெஞ்சுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பால சரவணன், முனீஸ்காந்த் பேசிக்கொள்ளும் கிண்டலுக்கு மட்டும் சத்தம் போட்டுச் சிரித்தார். அந்த மாதிரி கிண்டல் இல்லாவிட்டால் அந்த வேலையில் ஒரு மாதம் தாங்க முடியாது என்றார். கிச்சாவாக வருகிறவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், பார்க்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. விசாரணை என்ற பெயரில் அடிப்பதை அந்தக் கதை சாதாரணமாகக் கடந்து போகிறது. அப்பாவிடம் சொன்னேன். "அதுவும் நடந்ததுதானடா" என்றார். நான் கேட்டது வேறு, அவர் சொன்னது வேறு. அதற்கு மேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஊராட்சி ஆபீஸ்:

வணக்கம். ஊர் நம்பும்படி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன். நான் ஒரு ஊராட்சி செயலர். இந்தியில் 2020-இல் தொடங்கிய பஞ்சாயத் தொடரை சப்டைட்டில் வைத்து விழுந்து விழுந்து பார்த்தவன். அதையே 2024-இல் தலைவெட்டியான் பாளையம் என்று தமிழில் எடுத்திருக்கிறார்கள் என்றதும் எங்கள் ஆபீஸே குஷியாகிவிட்டது. இயக்கம் நாகா. தொண்ணூறுகளில் விடாது கருப்பு டிவி சீரியல் எடுத்த அதே நாகா. அதில் நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் இதில் தலைவரின் கணவராகவும் தலைவராகவும் வருகிறார்கள். இதைவிட வேறென்ன வேண்டும் என்றுதான் உட்கார்ந்தோம்.

அவர்கள் இருவர் மேலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடிப்படையிலேயே ஒரு இடிப்பு இருக்கிறது. பட்டணத்தில் படித்த பையன், வேறு வேலை கிடைக்காமல், முன்பின் தெரியாத கிராமத்துக்குச் செயலராகப் போய்த் தவிக்கிறான் என்பது வடக்கே சரி. அங்கே பரீட்சை எழுதி எங்கிருந்தோ வருவார்கள். இங்கே பத்தாவது தேறிய உள்ளூர் ஆள், இல்லையென்றால் பக்கத்து ஊர் ஆள்தான் செயலர். எங்களுக்கு ஊர் தெரியவில்லை என்பது பிரச்சினையே இல்லை, ஊரில் எல்லாருக்கும் எங்களைத் தெரியும் என்பதுதான் பிரச்சினை. வீட்டு வரி கேட்டுப் போனால் பாதிப் பேர் மாமன் மச்சான். எப்படிக் கறாராகப் பேசுவது?

இந்தியில் பேய் மரம், சுழல் நாற்காலி, சோலார் விளக்கு என்று வந்ததெல்லாம் அந்த ஊரில் விளைந்த கதைகள். அவற்றையே பெயர்த்து நட்டதில் நம் ஊரில் விளைவது எதுவும் வரவில்லை. டேங்க் ஆப்பரேட்டர் இல்லாத ஊராட்சியா? விடியற்காலை ஐந்தரைக்கு "மோட்டார் எரிஞ்சு போச்சு" என்று வருமே ஒரு போன், அதை வைத்தே ஒரு எபிசோடு ஓட்டலாம். நூறு நாள் வேலையில் யார் பெயர் விட்டுப்போனது என்ற சண்டை, கிராம சபையில் மைக்கைப் பிடுங்குவது, தெருவுக்குத் தெரு மாறும் சாதிக் கணக்கு, எல்லாம் இருக்கிறதே.

மனைவி தலைவர், கணவர் அதிகாரம் என்பது மட்டும் அப்படியே பொருந்துகிறது. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் இங்கே சட்டம் வந்தும் நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தேவதர்ஷினியின் முகத்தில் அது சில இடங்களில் நன்றாக வந்திருக்கிறது. (2025 ஜனவரியோடு பெரும்பாலான மாவட்டங்களில் பதவிக்காலமே முடிந்து தனி அலுவலரிடம் போனது வேறு கதை. அதையும் யாராவது எடுக்கலாம்.)

ஆரணி:

சுழல் முதல் சீசனைப் பற்றி ஒரு வார்த்தை. சாம்பலூர் கற்பனை ஊர்தான், ஆனால் மயானக் கொள்ளையை வைத்துக் கதையைக் கட்டியதால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அது சொந்த ஊராகிவிட்டது. மகாசிவராத்திரிக்கு அடுத்த அமாவாசையில் காளி வேஷம் கட்டி, உடுக்கைச் சத்தத்தோடு சுடுகாட்டுக்குப் போய்க் கொழுக்கட்டையும் காய்கறியும் சில்லறையும் வாரி இறைப்பார்கள். சின்ன வயதில் அதைப் பொறுக்கி எடுத்து மடியில் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறேன். வேஷக்காரர்கள் உக்கிரமாக வரும் காட்சியில் என் மாமியார் தன்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது சீசனில் கடலோர ஊர், அஷ்டகாளித் திருவிழா. குலசை தசராவை நினைவுபடுத்தியது. கண்ணுக்கு நிறைவாக இருந்தது, முடிச்சுகள்தான் அளவுக்கு மீறிவிட்டன. எபிசோடுக்கு ஒரு அதிர்ச்சி வைத்தே ஆக வேண்டும் என்று யாரோ கட்டாயப்படுத்தியது போல.

சத்தி:

எங்கள் பக்கத்துக் கதை இரண்டு தடவை வந்துவிட்டது. 2023 ஆகஸ்டில் நெட்ஃப்ளிக்ஸில் தி ஹன்ட் ஃபார் வீரப்பன், நாலு எபிசோடு. அதே டிசம்பரில் ஜீ5-இல் கூச முனிசாமி வீரப்பன். இரண்டையும் என் மாமாவோடு பார்த்தேன். 2000-இல் தாளவாடிப் பக்கம் தொட்டகாஜனூரிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தி 108 நாள் வைத்திருந்தபோது, மாமா திம்பம் வழியாக மைசூருக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். லோடு நின்று, வண்டித் தவணை கட்ட அத்தையின் தோடு போனதை இன்னும் சொல்லிக் காட்டுவார்.

நெட்ஃப்ளிக்ஸ் தொடர் நேர்த்தியானது. வீரப்பன் மனைவி முத்துலட்சுமி பேசுகிறார், அதிகாரிகள் பேசுகிறார்கள், மலை அழகாக இருக்கிறது. மாமா கொட்டாவி விட்டார். இன்னொன்றில் நக்கீரன் பத்திரிகை எடுத்த பழைய வீடியோவில் வீரப்பனே கையை ஆட்டி, நடித்துக் காட்டிக் கதை சொல்ல ஆரம்பித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவன் பேச்சு நம்ம சந்தையில மாட்டுத் தரகன் பேசற மாதிரியே இருக்குது பாருடா." அதிரடிப்படை பிடித்துக்கொண்டுபோன மலைச்சனங்கள் தங்கள் வாயாலேயே சொல்லும் பகுதிகளில் சத்தமில்லாமல் பார்த்தார். மனித உரிமை ஆணையம் விசாரிக்கப் போட்ட நீதிபதி சதாசிவா குழு வரைக்கும் போன சித்திரவதைகள் அவை. அவற்றில் சில ஊர்களில் அவருக்கு டீக்கடைப் பழக்கம் உண்டு.

ஆனால் எனக்கு அதில் ஒரு சங்கடம். ஆளை நேரில் பேசவிட்டால் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். கோபிநத்தத்தில் மாரியம்மன் கோயில் கட்டிக்கொடுத்த வனத்துறை அதிகாரி சீனிவாஸை 1991-இல் தலையை வெட்டிக் கொன்றதும் இதே ஆள்தான். இரண்டு தொடரையும் சேர்த்துப் பார்ப்பதே நல்லது. ஒன்று மட்டும் பார்த்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

எட்டாம் வகுப்பு டீச்சர்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். ஊர், திருவிழா எல்லாம் நல்லதுதான், ஆனால் ஒரே ஒரு அறை போதும் என்று காட்டியது 2025-இல் வந்த அடோலசன்ஸ். இங்கிலாந்துக் கதை. பதிமூன்று வயதுப் பையன் கூடப் படிக்கும் பெண்ணைக் கொன்றுவிட்டான் என்று கைது. நாலு எபிசோடு, ஒவ்வொன்றும் வெட்டே இல்லாத ஒரே ஷாட். அந்த வித்தை முதல் பத்து நிமிஷம்தான் கண்ணில் படுகிறது, பிறகு மறந்துவிடுகிறது.

மூன்றாவது எபிசோடில் பையனும் உளவியல் நிபுணரும் மேஜைக்கு எதிரெதிரே, அவ்வளவுதான். அவர் சூடான சாக்லேட் பானமும் பாதி சாண்ட்விச்சும் தருகிறார். சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் பையன் சட்டென்று எழுந்து கத்துகிறான். பையனாக வரும் ஓவன் கூப்பருக்கு அது முதல் நடிப்பு, பதினைந்து வயதில் எம்மி விருது. அந்தக் கத்தலுக்கு அடுத்த நொடி எதுவுமே நடக்காததுபோல அவன் திரும்ப உட்காருகிறான். அப்படிப்பட்ட பிள்ளைகளை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். அதனால்தான் அன்றைக்கு அதற்குமேல் ஓட்ட முடியாமல் நிறுத்திவிட்டு மறுநாள் பார்த்தேன். பிள்ளைகள் போனில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியாமல் பள்ளிக்கூடத்தில் போலீஸ் திணறுவது இரண்டாவது எபிசோடில் வருகிறது. ஸ்டாஃப் ரூமில் எங்கள் நிலைமையும் அதேதான்.

போலீஸ் லைன் தம்பி, விலங்கு இந்த சனிக்கிழமை பார்க்கலாம் என்றிருக்கிறேன். என் பையனும் எட்டாவதுதான், கூட உட்கார்ந்தால் பரவாயில்லையா?

போலீஸ் லைன் பையன்:

வேண்டாம் டீச்சர், அவன் தூங்கின பிறகு போடுங்க. நீங்களும் சாப்பிட்டு முடித்துவிட்டு உட்காருங்கள்.