தைபேய் ராவ்ஹே சந்தையில் எண்ணெய்ச் சட்டி ஓரமாக

தைவான் தலைநகர் தைபேய் போகிறவர்கள் எல்லாரும் ஷிலின் இரவுச் சந்தையைத்தான் விசாரிக்கிறார்கள். என் ஓட்டு ராவ்ஹேவுக்கு. சோங்ஷான் (Songshan) மெட்ரோவில் இறங்கினால் கடல் தெய்வம் மாஸுவின் பழைய கோயில், அதை ஒட்டியே சந்தையின் வாசல். ஒரே நேர்த்தெரு என்பதால் வழி தவற வாய்ப்பில்லை.

அங்கே என்னை நகரவிடாமல் நிறுத்தி வைத்தது சர்க்கரைவள்ளிக்கிழங்கு உருண்டைக் கடை. வேகவைத்து மசித்த கிழங்கில் மரவள்ளி மாவும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து, சின்னச் சின்னதாக உருட்டி, மிதமான சூட்டில் எண்ணெயில் போடுகிறார்கள். உருண்டைகள் மிதக்க ஆரம்பித்ததும் கடைக்கார அம்மா பெரிய ஜல்லிக்கரண்டியால் அவற்றைச் சட்டியோடு சேர்த்து அழுத்துகிறார். நசுங்கிப் போகும் என்று நினைத்தால், கரண்டியை எடுத்ததும் முன்பைவிடப் பெரிதாக உப்பி வருகின்றன. திரும்பத் திரும்ப இதேதான். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகித் தள்ள, மரவள்ளி மாவு கிழியாமல் இழுத்துக் கொடுக்கிறது. கடித்தால் மேலே மொறுமொறுப்பு, அடுத்து ஜவ்வு மாதிரி ஒரு படலம், நடுவில் வெறும் காற்று! ஆறினால் சுருங்கிவிடும், வாங்கிய இடத்திலேயே நின்று சாப்பிடுங்கள்.

அப்புறம் நாற்றத் தோஃபு. தெருமுனையிலேயே வாசம் வந்துவிடும். புளிக்க வைத்த கரைசலில் ஊறிய தோஃபு, அதாவது சோயா பன்னீர் அது. பொரித்தெடுத்து, நடுவில் பிளந்து, பூண்டுச் சாறு ஊற்றி, இனிப்பும் புளிப்புமான முட்டைக்கோஸ் ஊறுகாயோடு தருவார்கள். மூக்குக்குத் தெரிகிற அளவு நாக்குக்குத் தெரியாது. முதல் வாய்க்கு ஊறுகாயைச் சேர்த்தே சாப்பிட்டுப் பாருங்கள்.

அசைவம் சாப்பிடுபவர்கள் உப்புக் கோழியை விட்டுவிடாதீர்கள். பொரித்து முடிக்கும் நேரத்தில் ஒரு கைப்பிடி திருநீற்றுப்பச்சிலையை (பேசில்) எண்ணெயில் போடுவார்கள், படபடவென்று வெடிக்கும். மேலே மிளகு உப்பு. பல கடைகளில் காளான், பீன்ஸ், மீன் உருண்டை என்று வேண்டியதை நாமே இடுக்கியால் கூடையில் எடுத்துக் கொடுத்தால் பொரித்துத் தருகிறார்கள்.

சைவர்களுக்கு ஒரு விஷயம். காளானும் பீன்ஸும் கோழி பொரித்த அதே எண்ணெயில்தான் வேகும். தோஃபு ஊறும் கரைசலிலும் பல இடங்களில் இறால் சேர்ப்பார்கள். எதையும் வாங்கும் முன் பலகையைப் பாருங்கள்: பௌத்த சைவக் கடைகளில் பெரும்பாலும் ‘素’ என்ற எழுத்தோ ஸ்வஸ்திகா போன்ற ‘卍’ குறியோ இருக்கும். அங்கே பூண்டு, வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லை.

எங்கே வாங்கினாலும் கண்ணெதிரே பொரித்துத் தரும் கடையாகப் பாருங்கள். வரிசை நீளம் என்றால் சரக்கும் தேங்காது. கையில் மிச்சம் இருந்தால் ஸ்டேஷனுக்குள் போகும் முன் முடித்துவிடுங்கள். தைபேய் மெட்ரோவில் தண்ணீர் குடித்தால்கூட அபராதம், 1,500 தைவான் டாலரில் தொடங்குகிறது.