அப்பாவின் பைபாஸும் முதல் நாள் ராத்திரி போடாத ஊசியும்

கொளத்தூர் மகள்:

போன ஐப்பசியில் அப்பாவுக்கு பைபாஸ். முதல் நாள் ராத்திரி பக்கத்து பெட்காரருக்கு ஆன்டிபயாடிக் ஏறிக்கொண்டிருந்தது, அப்பாவுக்கு ஒன்றுமே இல்லை. "எங்கப்பாவுக்கு மட்டும் ஏன் போடல சிஸ்டர்?" என்று சண்டையே போட்டுவிட்டேன். "அது தியேட்டர்லதாம்மா போடுவாங்க" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

காலையில் மயக்க மருந்து டாக்டர்தான் உட்காரவைத்து விளக்கினார். போடப்போவது செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக், 2 கிராம். ராத்திரியே போட்டால் விடிவதற்குள் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடுமாம், ரத்தத்தில் அதன் அளவு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறையும். அதனால் கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிஷத்துக்குள் நரம்பில் போடுவார்கள். இதயத் தசைக்கும் மருந்து ரத்தத்தோடுதான் போயாக வேண்டும். பெருந்தமனியை கிளாம்ப் என்ற இடுக்கியால் இறுக்கியதும் அந்த வழி அடைபடும், அதற்குள் திசுவில் மருந்து ஊறியிருக்க வேண்டும். ஆபரேஷன் நேரத்தில் இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் ஹார்ட்-லங் மெஷினில் முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கும் திரவம் ஒரு லிட்டருக்கு மேல் இருக்கும், அது கலந்ததும் ரத்தத்தில் உள்ள மருந்தும் நீர்த்துப்போகும். ஆபரேஷன் 4 மணி நேரம் தாண்டினால் மறுபடி ஒரு டோஸ்.

அப்பாவுக்குத் தாண்டியது. வெளியே வந்ததும் டாக்டர் அவராகவே, "ரெண்டாவது டோஸும் போட்டாச்சும்மா" என்றார். அதற்கப்புறம் அந்த சிஸ்டரைத் தேடிப்போய் மன்னிப்பு கேட்டேன்.

தியேட்டர் நர்ஸ், பெரம்பூர்:

உங்க பயம் நியாயம்தான் தங்கச்சி. எங்களுக்கு நெஞ்செலும்பு மேலயும் ஒரு கண் இருக்கும். பைபாஸுக்காக மார்புத் தமனியை எடுக்கறப்ப அந்தப் பக்க எலும்புக்கு ரத்தம் குறையும், மருந்தும் குறைவாத்தான் போகும். அங்க சீழ் பிடிச்சா ரொம்பக் கஷ்டம்.

ஒரு அனுபவம் சொல்றேன். ஒரு பெரியவரை உள்ளே தள்ளிட்டு வர்றப்ப, அவர் வீட்டம்மா ஓடி வந்து, "முன்னாடி பென்சிலின் போட்டு மூச்சு திணறிடுச்சு"ன்னாங்க. கேஸ் ஷீட்ல அது இல்லவே இல்லை. செஃபசோலினும் பென்சிலினுக்குச் சொந்தம்ங்கறதால, உடனே வேங்கோமைசின்ங்கற வேற வகை ஆன்டிபயாடிக்குக்கு மாத்தினோம். அதை வேகமா விட்டா உடம்பு செவந்து பிரஷர் இறங்கிடும், ஒரு மணி நேரத்துக்குக் குறையாம சொட்டுச் சொட்டா ஏத்தணும். மொத்த டீமும் கையைக் கட்டிக்கிட்டுக் காத்திருந்தோம். சர்ஜன் ஒரு வார்த்தை முணுமுணுக்கல.